சிறு பிள்ளைகளின் குற்றமும் ஊராரின் பொறுப்பும்

(ஒரு வாலிபர் சங்கக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக் கொண்ட விஷயம், சிறு பிள்ளைகள் குற்றம் செய்யாமல் தடுப்பது எப்படி என்பதாகும். நோட்டீசைப் பார்த்துவிட்டு, "இது போலீசாருடைய காரியமாயிற்றே, வாலிபர் சங்கத்தாருக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்டதாகத் தலைவர் அவர்கள் தமது முகவுரையில் சொன்னார்கள். அந்தத் தோழர்கள் கேட்டது நல்ல கேள்வி. இக்காரியத்தைப் போலீசாருடையது என்று நாம் எல்லோரும் நினைத்துக் கொண்டிருப்பதுதான் நமது முக்கியமான சங்கடம் என்பதை எடுத்துச் சொல்லவே நாம் இங்கு வந்திருக்கிறோம்.

நம் ஊர்களில் ஒரு பையன் திருடிவிட்டான் என்றாலும், ஒருவனை வெட்டிவிட்டான் என்றாலும், அதற்குக் காரணம் சொல்ல யாரும் ஒரு நிமிஷங்கூட யோசிப்பதில்லை. "அவன் தலையெழுத்து" என்பார் ஒருவர். "ஏழரைச் சனி பிடித்திருக்கிறது, திருநள்ளாறு போய் முழுகி வந்தால் சரியாய்ப் போய்விடும்" என்பார் மற்றொருவர். "அந்த ஜாதிப் புத்தி எங்கே போகும்?" என்பார் மூன்றாமவர். இம்மூவரும் செய்வது ஒரே காரியந்தான். காரணம் தேட வேண்டிய கஷ்டத்திலிருந்து தங்களைத் தப்பித்துக் கொள்ளுகிறார்கள். தலையில் எழுதியிருந்தால் பள்ளிக்கூடத்துக்கு வேலையில்லை. சனி பிடித்திருந்தால் பஞ்சாயத்துக்கு வேலையில்லை. ஜாதியில் இருந்தால் யாருக்குமே வேலையில்லை, லத்தியைத் தவிர.

இந்த மூன்றாவது பேச்சு வெறும் திண்ணைப் பேச்சாக நின்றுவிடவில்லை என்பதை வாலிபத் தோழர்கள் தெரிந்து கொள்ள வேண்டும். அது சட்டமாகவே இருந்தது. 1871ல் வெள்ளைக்கார சர்க்கார் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்றைச் செய்தார்கள். 1911ல் அதைத் திருத்தி நமது சென்னை மாகாணத்துக்கும் செல்லும்படி செய்தார்கள். இன்னின்ன ஜாதியில் பிறந்தவர்கள் கைரேகை பதிய வேண்டும், இராக் காலத்தில் அதிகாரி முன் ஆஜராக வேண்டும் என்று ஏற்பாடு. தொட்டிலில் கிடக்கும் குழந்தையே நாளைக்குக் கைதி என்று முடிவு கட்டிய சட்டம் அது. 1920 ஏப்ரல் 3ந் தேதி மதுரை ஜில்லா பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற ஜனங்களைச் சுட்டுத் தள்ளினார்கள். 1952ல்தான் இந்தியா முழுவதிலும் அச்சட்டம் ஒழிந்தது. அந்தக் குடும்பங்களின் பேரப் பிள்ளைகள் இன்று உபாத்தியாயர்களாயும், வக்கீல்களாயும், டாக்டர்களாயும், போலீஸ் அதிகாரிகளாயுங்கூட இருக்கிறார்கள். ரத்தத்தில் குற்றம் இருந்திருந்தால் இரண்டு தலைமுறைக்குள் அது எங்கே போய்விட்டது? பள்ளிக்கூடமும் நிலமும் உத்தியோகமும் வந்தது, குற்றம் போயிற்று. இதில் மர்மம் ஒன்றுமில்லை.

இன்னொரு பேச்சு, "காலம் கெட்டுவிட்டது, எங்கே பார்த்தாலும் பிள்ளைகள்தான் குற்றம் செய்கிறார்கள்" என்பது. சர்க்கார் கணக்கையே பார்ப்போம். 2022ஆம் வருஷத்தில் இந்தியா முழுவதிலும் பதிவான குற்றங்கள் 58 லட்சத்துக்கு மேல். அதில் 18 வயது நிரம்பாதவர்கள் மீது பதிவானவை 30 ஆயிரத்துச் சில்லறை. நூற்றில் சுமார் அரை! மீதி தொண்ணூற்றொன்பதரையும் மீசை முளைத்த பெரியவர்கள் செய்தது. ஆனால் அந்த அரையில் பிடிபட்ட பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் 16க்கும் 18க்கும் இடைப்பட்டவர்கள். இந்த வயதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வருவோம்.

நிற்க, நாம் ஒரு பையனை எடுத்துக் கொள்ளுவோம். எந்த ஊர்ப் பையன் என்று கேட்க வேண்டாம். எல்லா ஊரிலும் இருக்கிறான். வயது 15. தகப்பன் சம்பாதிப்பதில் பாதி சாராயக் கடைக்குப் போகிறது. தாய் செங்கல் சூளையில் வேலை செய்கிறாள். பையன் ஒன்பதாவது வகுப்பில் பத்து நாள் வருவதும் இருபது நாள் வராததுமாக இருந்து, பிறகு நின்றே விட்டான். கொஞ்ச நாள் லாரி செட்டில் எடுபிடி. பிறகு அதுவும் இல்லை. ஒரு நாள் இராத்திரி இரண்டு பெரியவர்களோடு சேர்ந்து, ஒருவருடைய கிணற்று மோட்டாரிலிருந்து செம்புக் கம்பியை அறுத்து, பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டான். மறுநாள் ஊரார் பிடித்துக் கம்பத்தில் கட்டி அடித்து, அதைப் படமும் எடுத்து எல்லோருடைய செல்போனுக்கும் அனுப்பிவிட்டு, போலீசில் ஒப்படைத்தார்கள்.

இந்தப் பையனைப் பற்றி யார் யாருக்கு என்னென்ன தெரிந்திருந்தது என்று யோசித்துப் பாருங்கள். அவன் வருகிறதில்லை என்பது வாத்தியாருக்குத் தெரியும். ரிஜிஸ்டரில் சைபர் போட்டார். வீட்டில் அடி உதை என்பது கிராம சுகாதார நர்சுக்குத் தெரியும். தாயின் கைக் காயத்துக்கு மருந்து கொடுத்தவரே அவர். தம்பி தங்கைகள் பட்டினி என்பது அங்கன்வாடி அம்மாளுக்குத் தெரியும். யாரோடு சுற்றுகிறான் என்பது டீக்கடைக்காரருக்குத் தெரியும். கம்பி எங்கிருந்து வந்தது என்பது இரும்புக் கடைக்காரருக்கு நிச்சயமாய்த் தெரியும். தெரிந்துதான் பாதி விலை கொடுத்தார். ஆக, ஊரில் ஐந்து பேருக்கு ஐந்து துண்டாக விஷயம் முழுவதும் தெரிந்திருந்தது. ஐந்து துண்டையும் ஒன்று சேர்த்துப் பார்க்க ஒரு ஆள் இல்லை, ஓர் இடமில்லை, மாதத்தில் ஒரு மணி நேரமில்லை. கடைசியாய்த் தெரிந்து கொண்டவர் போலீஸ்காரர். அவரிடத்தில்தான் முழுக் காரியத்தையும் ஒப்படைத்துவிட்டு நாம் வீட்டுக்குப் போய்த் தூங்குகிறோம்!

சட்டம் இல்லையா என்றால், தாராளமாய் இருக்கிறது. இந்த விஷயத்தில் நமது மாகாணம் பின் தங்கியதுமல்ல. 1920லேயே சென்னைக் குழந்தைகள் சட்டம் செய்யப்பட்டு விட்டது. வங்காளத்துக்கும் பம்பாய்க்கும் முன்னால் செய்தது நாம்தான். இப்போது நடப்பிலிருப்பது 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம். அதில் சொல்லியிருப்பதைக் கேட்டால் உங்களில் பலருக்கு ஆச்சரியமாயிருக்கும். 18 வயது நிரம்பாத பிள்ளையை லாக்கப்பில் வைக்கக் கூடாது. ஜெயிலுக்கு அனுப்பக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டு போக வேண்டும். அக்குழுமத்தில் ஒரு மாஜிஸ்டிரேட்டும், ஒரு பெண் உள்படச் சமூக சேவகர் இருவரும் இருப்பார்கள். ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷனிலும் குழந்தை நலத்துக்கென்று ஓர் அதிகாரி உண்டு. நன்னடத்தை அலுவலர் அப்பிள்ளையின் வீட்டுக்குப் போய் விசாரித்து 15 நாளில் அறிக்கை கொடுக்க வேண்டும். சின்னக் குற்றமானால், பெரியவர்களோடு கூடிச் செய்ததாயிருந்தாலொழிய, முதல் தகவல் அறிக்கையே போடக் கூடாது என்று விதி. பிள்ளையின் பேரையும் படத்தையும் வெளியிட்டவர்களுக்கு ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. அந்தச் செம்புக் கம்பிக்காகப் பையனைக் கட்டி வைத்துப் படம் பிடித்தார்களே, அவர்களில் எத்தனை பேருக்கு அன்றைய தினம் ஊரில் பெரிய குற்றவாளிகள் தாங்கள்தான் என்பது தெரியும்?

"அப்படியானால் கொலை செய்தவனையும் கொஞ்ச வேண்டுமா?" என்று கேட்கலாம். இல்லை. 2012ல் டில்லியில் நடந்த கொடுமைக்குப் பிறகுதான் இந்தச் சட்டம் திருத்தி எழுதப்பட்டது. 16 வயது தாண்டியவன் ஏழு வருஷத்துக்குக் குறையாத தண்டனையுள்ள கொடிய குற்றம் செய்தால், அவனைப் பெரியவனைப் போல விசாரிக்கலாமா என்று முதலில் பரிசீலிக்க அதில் இடம் வைத்திருக்கிறார்கள். ஆகவே சட்டம் இளக்கமானது என்று யாரும் அழ வேண்டியதில்லை.

சட்டத்தோடு ஆபீசுகளும் வேண்டிய மட்டும் இருக்கின்றன. ஜில்லாவுக்கு ஒரு குழந்தைகள் பாதுகாப்பு அலகு, ஒரு குழந்தைகள் நலக் குழு, போலீசில் சிறாருக்கென்று ஒரு தனிப் பிரிவு, போலீசார் நடத்தும் சிறுவர் சிறுமியர் மன்றங்கள், பள்ளிக்கூடத்துக்குப் பள்ளி மேலாண்மைக் குழு, கிராமத்துக்குக் கிராமம் பஞ்சாயத்துத் தலைவர் தலைமையில் குழந்தைகள் பாதுகாப்புக் குழு, இவ்வளவும் காகிதத்தில் உண்டு. ஆனால் ஒரே வீட்டில் இருந்து கொண்டு ஒருவரோடொருவர் பேசாத ஓர்ப்படிகளைப் போல இவை இருந்து வருகின்றன. பள்ளிக்கூடத்தார் தபால் எழுதினால் அது கல்வி இலாகாவுக்கு மேலே போகும்; பக்கத்துத் தெருவிலுள்ள ஸ்டேஷனுக்குப் போகாது. நர்சின் குறிப்பு சுகாதார இலாகாவுக்குப் போகும், வாத்தியாருக்கு வராது. எல்லாம் மேலே போகின்றன. பக்கத்தில் ஒன்றும் போவதில்லை. நமது ஜாதி முறையும் இப்படிப்பட்டதுதானே! மேலே பார்த்துக் கும்பிடத் தெரியும், பக்கத்திலிருப்பவனோடு சேர்ந்து சாப்பிடத் தெரியாது.

மற்ற நாட்டார் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்ப்போம். நம்மை ஆண்ட இங்கிலாந்திலேயே இதே கோளாறு இருந்தது. 1998ல் அவர்கள் ஒரு சட்டம் செய்தார்கள். பிள்ளைகள் விஷயத்தில் நீதி இலாகாவின் முதல் நோக்கம், குற்றம் நடக்காமல் தடுப்பதே என்று அதில் எழுதி வைத்தார்கள். ஒவ்வொரு ஸ்தல ஸ்தாபனமும் ஒரு கூட்டுக் குழு அமைத்தே தீர வேண்டும்; அதில் ஒரு போலீஸ் அதிகாரி, ஒரு நன்னடத்தை அதிகாரி, ஒரு சமூக சேவகர், வைத்திய இலாகாவிலிருந்து ஒருவர், கல்வி இலாகாவிலிருந்து ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். இஷ்டமிருந்தால் கூடுங்கள் என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதே சமயத்தில் அங்கே போலீசாருக்கு, வருஷத்தில் இத்தனை குற்றங்களுக்கு முடிவு காட்ட வேண்டும் என்று ஒரு கணக்கும் விதித்திருந்தார்கள். பெரிய திருடனைப் பிடிப்பது கஷ்டம். கண்ணாடியை உடைத்த பையனைப் பிடிப்பது சுலபம். கணக்குப் புத்தகத்தில் இரண்டும் ஒன்றுதான். விளைவு என்ன? முதல் தடவையாகக் குற்றப் பதிவில் ஏறிய பிள்ளைகளின் தொகை 2006-07ல் ஒரு லட்சத்துக்கு மேலே போய்விட்டது. பிறகு அந்தக் கணக்கை எடுத்துவிட்டு, சின்னத் தப்புகளைக் கோர்ட்டுக்கு வெளியே முடிக்கவும், கூட்டுக் குழுவே முன்கூட்டிப் போய்ப் பார்க்கவும் ஆரம்பித்தார்கள். அத்தொகை படிப்படியாய் இறங்கிப் பதினாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. அடைபட்டுக் கிடந்த பிள்ளைகள் சுமார் 3,000 பேராயிருந்தது 500க்கும் குறைந்தது. இவ்வளவு பிள்ளைகளை வெளியே விட்டதால் இங்கிலாந்து கடலில் மூழ்கிவிடவில்லை. நம்மூரிலும் மாதக் கடைசியில் கேஸ் கணக்குக்காகப் பையன்களை வாரிக் கொண்டு போகும் வழக்கம் எங்கேயாவது உண்டா என்பதை உங்கள் அனுபவத்துக்கே விட்டுவிடுகிறோம்.

இதைவிட நமக்குப் பொருத்தமான விஷயம் ஸ்காட்லாந்து தேசத்தில் கிளாஸ்கோ நகரத்தில் நடந்தது. அந்த நகரத்தில் தெருத் தெருவாய் வாலிபர் கோஷ்டிகள். இந்தத் தெருப் பையன் அந்தத் தெருவுக்குப் போனால் கத்திக் குத்து. ஏன் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. அவன் அப்பன் காலத்திலும் அப்படித்தான், பாட்டன் காலத்திலும் அப்படித்தான். நம் ஊரில் இந்தத் தெருக்காரன் அந்தத் தெருவில் செருப்புப் போட்டு நடந்தால் அரிவாள் எடுப்பதற்கு இருக்கும் நியாயம் எவ்வளவோ, அவ்வளவு நியாயந்தான் அதற்கும். முகத்தில் காது முதல் வாய் வரை கத்தித் தழும்போடு திரியும் பிள்ளைகள் அங்கே சாதாரணம்.

2005ல் அந்நகரப் போலீசார் வன்முறைக் குறைப்புப் பிரிவு என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். அதை ஆரம்பித்தவர்கள் இருவர். ஜான் கார்னகன் என்பவர் கொலை வழக்குகளைத் துப்பறிந்து வந்த அதிகாரி. கேரின் மக்ளஸ்கி என்கிற அம்மாள் குற்றத் தகவல்களை ஆராய்ந்து வந்தவர். கொலைகாரர்களைப் பிடிப்பதில் தங்கள் போலீசார் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் பிடிக்கப் பிடிக்கக் கொலை குறையவில்லையே என்பதே அவர்களுக்கு உறைத்த விஷயம். ஆகவே அவர்கள் வன்முறையைத் தொற்று நோயைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். காலரா வந்தால் நோயாளியை உதைப்பதா, கிணற்றைச் சுத்தம் செய்வதா?

2008 அக்டோபர் மாதத்தில் நடந்ததைச் சொல்லுகிறோம், கேளுங்கள். நகரத்தின் கிழக்குப் பகுதிக் கோஷ்டிகளைச் சேர்ந்த பையன்களுக்கு, கோர்ட்டுக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். வாரண்டு அல்ல, அழைப்பு. ஒருவரையொருவர் கண்டால் குத்திக் கொள்ளும் பையன்கள் ஒரே கோர்ட்டு மண்டபத்தில் உட்கார்ந்தார்கள். நீதிபதி மேலே இருக்கிறார். முதலில் போலீஸ் அதிகாரி எழுந்து, "நீங்கள் யார், யாரோடு இருக்கிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும், இனி உங்கள் கோஷ்டியில் ஒருவன் கத்தி எடுத்தால் கோஷ்டி முழுவதையும் விடமாட்டோம்" என்றார். அடுத்தபடி ஒரு ஆஸ்பத்திரி டாக்டர் எழுந்து, கத்திக் குத்துப்பட்ட முகத்தைத் தைப்பது எப்படியிருக்கும் என்று எடுத்துக் காட்டினார். அப்புறம் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் பேசினாள். முன்பு கோஷ்டியில் இருந்து ஜெயிலுக்குப் போய் வந்தவர் பேசினார். கடைசியில் ஒரு டெலிபோன் நெம்பர் கொடுத்தார்கள். இந்த வாழ்க்கை வேண்டாம் என்கிறவன் கூப்பிடலாம். படிப்போ, தொழிலோ, வீடோ, குடிப் பழக்கத்துக்கு வைத்தியமோ எது வேண்டுமானாலும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

அந்த நெம்பருக்குப் பின்னால்தான் ரகசியம் இருக்கிறது. பள்ளிக்கூடம், வைத்தியசாலை, வீட்டு வசதி இலாகா, சமூக சேவகர், தொழில் பழக்குவோர் ஆகிய எல்லோரும் முன்கூட்டியே ஒன்றாய் உட்கார்ந்து, கூப்பிடுகிற பையனை "அந்த ஆபீசுக்குப் போ, இந்த ஆபீசுக்குப் போ" என்று அலைய விடுவதில்லை என்று ஏற்பாடு செய்து கொண்டிருந்தார்கள். பிற்பாடு 2015 முதல் கிளாஸ்கோ பெரிய ஆஸ்பத்திரியிலும் ஆள் வைத்தார்கள். குத்துப்பட்டு வந்து படுத்திருக்கும் பையனுடைய படுக்கை ஓரத்தில் போய் உட்கார்ந்து, "பழி வாங்கப் போகிறாயா, வேறு வழி பார்க்கலாமா?" என்று கேட்பதே அவர்கள் உத்தியோகம். ஸ்காட்லாந்தில் நடக்கும் கொலைகள் பத்து வருஷத்தில் ஏறக்குறைய பாதியாயின.

நாம் பகுத்தறிவுக்காரர்கள் ஆனபடியால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கொலை குறைந்ததெல்லாம் இதனால் மாத்திரந்தான் என்று யாரும் ருஜுப்பிக்கவில்லை. சட்டமும் கடுமையாயிற்று, காலமும் மாறிற்று. இந்த ஏற்பாட்டில் சேர்ந்த பையன்களையும் சேராத பையன்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஆயுதம் எடுத்துத் திரிவது சேர்ந்தவர்களிடத்தில் வெகு அதிகமாய்க் குறைந்திருந்தது. ஆனால் அடிதடியில் அத்தகைய வித்தியாசத்தைக் காட்ட முடியவில்லை. இப்படி அளந்து பார்த்ததைத்தான் நாம் மெச்சுகிறோம்.

அளந்து பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பாடம் உண்டு. தப்புத் தண்டா செய்யும் பையன்களை ஜெயிலுக்குள் கூட்டிப் போய், ஆயுள் கைதிகளைக் கொண்டு மிரட்டச் செய்தால் பயந்து திருந்திவிடுவார்கள் என்று 1970களில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். அதைச் சினிமாப் படமாயும் எடுத்து ஊரெல்லாம் புகழ்ந்தார்கள். பிறகு நிதானமாய்க் கணக்கெடுத்துப் பார்த்தால், மிரட்டப்பட்ட பையன்கள், மிரட்டப்படாத பையன்களைவிட அதிகமாய்க் குற்றம் செய்திருந்தார்கள்! இன்னொன்று. அதே தேசத்தில் 1939ல் 500க்கு மேற்பட்ட பையன்களை இரண்டு கூட்டமாய்ப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு மாத்திரம் சில வருஷம் புத்தி சொல்லி, படிப்புக்கு உதவி, கோடை முகாமுக்கு அனுப்பி வந்தார்கள். 30 வருஷங்கழித்துத் தேடிப் பார்த்தால், உதவி பெற்றவர்கள் பெறாதவர்களைவிடச் சில விஷயங்களில் கெட்டே போயிருந்தார்கள். கெட்ட சகவாசப் பிள்ளைகளை ஓரிடத்தில் சேர்த்து முகாம் போட்டது காரணமாயிருக்கலாம் என்று ஆராய்ந்தவர்கள் கருதினார்கள். ஆகவே நல்ல எண்ணம் மாத்திரம் போதாது. "எங்கள் காலத்தில் வாத்தியார் முட்டி போட வைத்தார், நாங்கள் நன்றாய் இல்லையா?" என்று கேட்கிற பெரியவர்களுக்கு நாம் சொல்லுவது, தாங்கள் நன்றாய் இருப்பது அதனால்தானா என்பதை யாரும் கணக்கெடுக்கவில்லை என்பதுதான்.

இப்போது நம் நாட்டுக்குத் திரும்புவோம். 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு சர்க்கார் இல்லத்தில், ரயில்வே பேட்டரி திருட்டுக்காகப் பிடித்து வைக்கப்பட்ட 17 வயதுப் பையன் ஒருவன் செத்தான். அடித்துக் கொன்றதாக அந்த இல்லத்து ஊழியர்களே கைதானார்கள். இல்லங்களைச் சீர்திருத்த யோசனை சொல்ல ஓய்வு பெற்ற ஹைகோர்ட் நீதிபதி சந்துரு அவர்களைச் சர்க்கார் நியமித்தார்கள். 2023ல் அவர் அறிக்கை கொடுத்தார். பேட்டரிக்கு மரண தண்டனை எந்தச் சட்டத்திலும் இல்லை. பிள்ளைக்குப் பாதுகாப்பு என்று சொல்லிச் சட்டம் அனுப்பி வைத்த இடத்தில் அது நடந்தது. அந்தக் கதவுக்குள் ஊரார் யாராவது மாதம் ஒருமுறை போய் எட்டிப் பார்த்திருந்தால் அது நடந்திருக்குமா?

அடுத்தது நாங்குநேரி. 2023 ஆகஸ்டு மாதத்தில், பள்ளிக்கூடத்தில் தன்னை ஜாதி சொல்லி இம்சித்த பையன்களைப் பற்றி ஒரு தாழ்த்தப்பட்ட மாணவன் முறையிட்டான். இராத்திரி வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்களும் பள்ளிக்கூடப் பையன்கள்தான். தோழர்களே! வெட்டுப்பட்ட பிள்ளைகளுக்காக நமது நெஞ்சு பதறுகிறது. அது போதாது. அரிவாள் தூக்கிய பையன்களுக்கு அந்தத் துவேஷம் எங்கிருந்து வந்தது? கையில் கலர் கயிறு கட்டிவிட்டது யார்? திருவிழாவில் ஜாதிக் கொடி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தது யார்? கயிறு கட்டியவர்கள் ஊரில் வெள்ளை வேஷ்டியோடு உலாவுகிறார்கள். பையன்கள் கூர்நோக்கு இல்லத்துக்குப் போனார்கள். 2019லேயே இந்தக் கயிற்றைப் பற்றிப் பள்ளிக் கல்வி இலாகா ஒரு சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்புக் கிளம்பவே, பழைய வழக்கமே இருக்கட்டும் என்று சர்க்கார் தரப்பில் சொல்லி விட்டார்கள். நாலு வருஷத்தில் நாங்குநேரி வந்தது. அதன் பேரிலும் சந்துரு அவர்களே விசாரித்து 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். கயிறும் மோதிரமும் நெற்றிக் குறியும் கூடாது, பள்ளிக்கூடத்தின் பேரில் ஜாதி கூடாது, பள்ளிகளில் நல அலுவலர் வேண்டும் என்பவை அதில் சில யோசனைகள். இதை எதிர்த்துக் கூச்சல் போட்டவர்கள் யாரென்று உங்களுக்கே தெரியும்.

சரி, நாம் செய்யக் கூடியது என்ன? முன்னே 16 முதல் 18 என்று ஒரு வயதைச் சொன்னோமே, அதற்கு வருவோம். இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. 14க்கு மேல் ஆபத்தில்லாத தொழிலில் பிள்ளையை வைத்துக் கொள்ளலாம் என்று தொழில் சட்டம் விட்டுவிடுகிறது. ஓட்டு 18ல். நடுவில் இருக்கும் நாலு வருஷம் யாருக்கும் சொந்தமில்லாத புறம்போக்கு. அந்தப் புறம்போக்கில்தான் சாராயக்காரனும், கஞ்சாக்காரனும், ஜாதிச் சங்கத் தலைவனும் கொட்டகை போடுகிறார்கள். ஆகவே நம்முடைய வாலிபர் சங்கம் செய்ய வேண்டிய முதல் வேலை, இந்த ஊரில் 14க்கும் 18க்கும் நடுவில் பள்ளிக்கும் போகாமல் தொழிலும் பழகாமல் இருக்கிற பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக, எத்தனை பேர் என்று எண்ணுவது. எண்ணிக்கைதான் வேண்டும்; பேர் எழுதிச் சுவரில் ஒட்டக் கூடாது. போலீசுக்கு ஜாபிதா கொடுப்பதும் கூடாது. அப்படிச் செய்தால் குற்றப் பரம்பரைச் சட்டத்தை நாமே மறுபடியும் கொண்டு வந்தவர்களாவோம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நூற்றுக்கு 75 பேர் பெற்றோராயிருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாயிருக்க வேண்டும் என்பது சட்டம். உங்களில் எத்தனை தாய்மார்கள் அதில் அங்கத்தினர் என்று கை தூக்கச் சொன்னால் சிலருக்குத் தாங்கள் அங்கத்தினர் என்பதே இப்போதுதான் தெரிய வரும்! கையெழுத்து வாங்கிக் கொண்டு போயிருப்பார்கள். அந்தக் குழுவும், பஞ்சாயத்துக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவும், நர்சும், ஸ்டேஷனில் குழந்தை நலத்துக்கான அதிகாரியும் மாதம் ஒருநாள் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும். ஒரு மணி நேரம் போதும். பத்து நாள் தொடர்ந்து வராத பிள்ளை யார், அதன் வீட்டுக்கு யார் போவது, அடுத்த மாதம் என்ன ஆயிற்று என்ற மூன்று கேள்விக்கு மேல் வேண்டியதில்லை. வீட்டுக்குப் போகிறவர் காக்கிச் சட்டை போட்டவராயிருக்கக் கூடாது.

செலவுக்கு எங்கே போவது என்று பஞ்சாயத்துத் தலைவர் அவர்கள் இப்போது நினைத்துக் கொண்டிருப்பார்கள். பெஞ்சு பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே சம்பளம் வாங்குகிறவர்கள். டீச் செலவைச் சங்கம் ஏற்றுக் கொள்ளட்டும். இதைக் கேட்பதற்கு இடமும் இருக்கிறது. வருஷத்தில் ஆறு முறை கிராம சபை கூடுகிறது. வழக்கமாய்த் தெரு விளக்கும் சாக்கடையும் பேசிக் கலைகிறோம், அவையும் வேண்டியவைதான். வரப் போகும் கிராம சபையில், நமது சங்கத்தார் இரண்டு பேர் முன் வரிசையில் உட்கார்ந்து, "பாதுகாப்புக் குழு கடைசியாக எந்தத் தேதியில் கூடிற்று? மினிட்டுப் புத்தகத்தைக் காட்டுங்கள்" என்று கேட்க வேண்டும். புத்தகமே இல்லை என்று சொன்னால், ஒரு நோட்டை நாமே வாங்கிக் கொடுத்து, அன்றைக்கே முதல் பக்கத்தில் தேதி போடச் சொல்லலாம்.